கோமதி டீச்சரின் இஞ்சி கேசட்

கோமதி டீச்சர் இறந்துவிட்டார். இன்று காலை, கொச்சி வைட்டிலாவில், மகள் வீட்டில்.

செய்தி வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நாங்கள் இருவரும் பணியாற்றிய மட்டாஞ்சேரிப் பள்ளியின் நிர்வாகம், பூவேலைப்பாட்டோடு ஒரு போஸ்டரை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருக்கிறது. 'தொழில்நுட்பக் கல்வியின் முன்னோடி' என்கிறது அது.

பார்த்தேன். கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

இதே நிர்வாகம் போன ஆண்டு ஸ்மார்ட் வகுப்பு திறந்தது. அந்தப் பெரிய திரைக்கு அருகே ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள்: மாணவர்கள் தொடக் கூடாது.

அந்த முன்னோடியை இவர்கள் என்ன செய்தார்கள் என்று அறிந்தவர்களில் மிஞ்சியிருப்பவன் நான். செய்தார்கள் என்றா சொன்னேன்... செய்தோம்.

எண்பதுகளின் தொடக்கம். நான் அங்கே தமிழாசிரியன். அவர் சமூகப் பாடம் நடத்தினார். என்னை மலையாள வழக்கில் 'மாஷே' என்றுதான் அழைப்பார். 'ஐயா' என்று சொல்லுங்கள் என்று எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே, "சரி மாஷே" என்பார்.

பள்ளிக்கு ஒரு வணிகர் டேப் ரெக்கார்டர் ஒன்றை நன்கொடையாகத் தந்திருந்தார். தலைமையாசிரியர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஆயுத பூசையன்று வெளியே எடுப்போம். சந்தனம் பூசி, பொட்டு வைத்து, வணங்கிவிட்டு மறுபடியும் பூட்டுவோம். மாணவர் ஒருவர்கூட அதைத் தொட்டதில்லை.

கோமதி டீச்சர் சாவியைக் கேட்டு வாங்கினார். தமிழ்ப் பிரிவான எட்டாம் வகுப்பு பி-யில், கருவியைப் பிள்ளைகளின் மேசைமீது வைத்துவிட்டுத் தாம் கடைசி பெஞ்சில் போய் அமர்ந்தார். எதைப் பதிவு செய்வது, யாரிடம் என்ன கேட்பது... எல்லாம் பிள்ளைகளின் முடிவு.

அவர்கள் இஞ்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதிப் பேரின் தாய்மார் ஜூ டவுன் எனும் யூதத் தெருவின் கிடங்குகளில் இஞ்சித் தோல் சீவுகிறவர்கள். பாடநூலிலோ கொச்சி ஒரு துறைமுகம் என்ற ஒற்றை வரிதான். பிள்ளைகள் கருவியைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்கே போனார்கள். பெற்ற தாய்மாரிடமே கேள்வி கேட்டு, இஞ்சி எப்படிச் சுக்காகிக் கப்பலேறுகிறது என்று ஒரு முழுப் பாடத்தையே தாங்களாக உருவாக்கினார்கள்.

சாந்தி என்றொரு மாணவி. நாடா சிக்கினால் மூடியைத் திறந்து, பென்சிலைக் கோத்துச் சுற்றிச் சரிசெய்துவிடுவாள். அதைக் கண்ட தலைமையாசிரியர் ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார். "டீச்சரே, அங்க படிப்பிக்கிறது ஆரு? நீங்களா, பிள்ளைகளா?"

"பிள்ளைகளு தன்னே சார். நான் கேட்டுப் படிச்சோண்டிருக்கேன்."

நாங்கள் சிரித்தோம். டீச்சரோடு சேர்ந்தல்ல... டீச்சரைப் பார்த்து.

கடைசியில் தலைமையாசிரியர் ஒரு நிபந்தனை விதித்தார். உபஜில்லா என்கிற துணை மாவட்ட அளவிலான பள்ளிக் கண்காட்சியில் அந்தக் கேசட் தேர்வானால் கருவி வகுப்பிலேயே இருக்கலாம், இல்லையென்றால் அலமாரி. பிள்ளைகள் அந்த ஒரே கேசட்டைக் கண்ணும் கருத்துமாகக் காத்தார்கள்.

கண்காட்சிக்கு முந்தைய நாள் பள்ளி ஆண்டு விழா. என் சொற்பொழிவைப் பதிவு செய்ய வேண்டுமென்று பள்ளியை நடத்தும் மேனேஜர் விரும்பினார். புதுக் கேசட் இல்லை. தலைமையாசிரியர் பிள்ளைகளின் கேசட்டையே எடுத்து என்னிடம் நீட்டினார்.

மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'எட்டு பி, இஞ்சி.' மலையாள எழுத்தில்.

தெரியாமல் நடந்துவிட்டது என்றுதான் இத்தனை ஆண்டுகளாக எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். பொய். சீட்டைப் படித்தேன்.

தமிழ்ப் பிரிவுப் பிள்ளைகள் மலையாளத்தில் எழுதுவதா என்ற சினம். உள்ளே சாயா, கப்பை என்று மலையாளம் கலந்த பேச்சுத்தானே இருக்கப்போகிறது என்ற இளக்காரம்.

அதில்தான் பதிவு செய்யச் சொன்னேன். தமிழின் பெருமையை ஏறத்தாழ அரைமணி நேரம் முழங்கினேன். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று.

மறுநாள் கண்காட்சிக் கூடத்தில் சாந்திதான் பொத்தானை அழுத்தினாளாம். சுற்றிலும் நடுவர்கள். அவள் தாய் அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்து நின்றிருந்தாராம்.

ஒலித்தது என் குரல்.

நடுவர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்ததாக, உடன் போன ஆசிரியர் சொன்னார். "எந்தாடி இது, நம்ம பேசினது எவிடெ?" என்று தாய் கேட்க, சாந்தி கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாளாம். மறுபக்கம் வெறும் நாடா.

கருவி அலமாரிக்குப் போயிற்று. கோமதி டீச்சரை இரண்டாம் வகுப்புக்கு மாற்றினார்கள். மேடைதோறும் நீதி பேசிய இந்த வாய், அந்த உத்தரவைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது... எழுதி முடிக்கிறேன்.

வகுப்பு மாறிய அன்று டீச்சர் என் மேசைமீது அந்தக் கேசட்டை வைத்தார். முகத்தில் சினமில்லை. "மாஷே, உங்க பிரசங்கம் முழுசும் கேட்டேன். ரொம்ப கேமமாயிருக்கு. கைதட்டு தீர்ந்ததும் நிறுத்திராதீங்க. அப்புறமும் இத்திரி பாக்கி இருக்கு."

அலமாரிச் சாவியை எனக்கு யாரும் மறுக்கவில்லை. மாலையில், ஆளில்லாத ஆசிரியர் அறையில் கேசட்டைப் போட்டுக் கேட்டேன்.

என் முழக்கம். கைதட்டல். 'டக்' என்று ஓர் ஒலி. பிறகு சாந்தி...

"அம்மா, இதெ எதுக்கு சுண்ணாம்புத் தண்ணியில முக்குறது? கை பொள்ளாதா?"

தாய் சிரிக்கிறார். "பொள்ளும் மோளே. ஆனா..."

அங்கே நாடா முடிந்தது.

மீதியைக் கேட்க நான் அந்தக் கிடங்குக்குப் போகவில்லை. சாந்தியிடமும் கேட்டதில்லை.

இன்று மாலை பள்ளியில் இரங்கல் கூட்டமாம். தலைமையுரைக்கு என்னை அழைத்திருக்கிறார்கள். மறுத்துவிட்டேன்.

சென்று வாருங்கள், டீச்சர்.

உங்கள் மாஷ்.