மூடுபனி விழுங்கிய கடைசி ரீல்

படம் பார்க்கப் போவதற்கு எனக்கு ஒரு துணை வேண்டியிருந்தது. அத்தைக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. பதினான்கு வயதில் எனக்கும், தேயிலைக் காட்டில் கொழுந்து பறித்து ஓய்ந்துபோன என் அப்பாவின் அக்காவுக்கும் இப்படித்தான் கூட்டு ஏற்பட்டது.

அது எழுபதுகளின் கடைசி. மலேசியாவின் கேமரன் மலையில் எங்கள் தோட்டத்துத் திடலுக்கு மாதம் ஒருமுறை பட வேன் வரும். நான் பெரியவளான பிறகு, வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட வராமல் திடல் பக்கம் தலைகாட்டக்கூடாது என்று அம்மா சட்டம் போட்டுவிட்டார். அத்தையோ கணவரை இழந்தவர். இந்த வயதில் இவளுக்குப் படம் ஒரு கேடா என்று தொழிலாளர் லயத்து வீடுகளில் பேசுவார்கள். அதனால் வேன் வரும் நாளில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "என்ன பண்றது, வயசுப் புள்ளையத் தனியா அனுப்ப முடியுமா?" என்று நாலு வீட்டுக்குக் கேட்கும்படி அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொண்டே செருப்பு மாட்டும் வேகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் திடலுக்குப் போய்ச் சேர்வதற்குள் முன்வரிசையில் பாயை விரித்திருப்பார். நல்ல காவல்தான்.

அத்தை எங்களோடுதான் இருந்தார். ஈப்போ பட்டணத்தில் இருந்த அவர் மகன், தன்னோடு வந்து இருக்கும்படி ஆள் மேல் ஆள் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். வரும் ஞாயிறு காரோடு வருவதாகக் கடைசியாகத் தகவல் வந்தது. அத்தைக்குப் போக மனமில்லை என்பது அடுப்படிப் பூனைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பெற்ற மகன் கூப்பிடும்போது அக்காவை நிறுத்தி வைத்தால் ஊர் என்ன சொல்லும் என்று அப்பா பேசாமல் இருந்தார். நாத்தனார் விஷயத்தில் வாயைத் திறந்தால் எப்படிப் போனாலும் தப்பாகிவிடும் என்று அம்மா புளியைக் கரைத்துக்கொண்டிருந்தார். என் கவலை எனக்கு. அத்தை போய்விட்டால் நான் யாரோடு படம் பார்ப்பது?

அந்த ஞாயிறுக்கு ஒரு வாரம் முன்னால் பட வேன் வந்தது. தமிழ்ப் படம் என்று நம்பிப் போனால், இங்கிலீஷ் படம். கூட்டம் திட்டித் தீர்த்தது, பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அத்தை அசையவில்லை. தானா ராத்தா டவுனில் இடைநிலைப்பள்ளியில் படிக்கிற மருமகள் பக்கத்தில் இருக்கும்போது அவருக்கென்ன குறை? என் இங்கிலீஷின் லட்சணம் எனக்குத்தான் தெரியும். வாயில் வந்ததை அடித்துவிட்டேன். "அவரு அவ்ளோ நேரம் பேசுறாரு, நீ ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டியே புள்ள" என்று அத்தை ஒருமுறை சந்தேகப்பட்டார். இங்கிலீஷே அப்படித்தான், கொஞ்சத்தை நீட்டிச் சொல்வார்கள் என்றேன்.

கழுதை வளர்க்கும் ஒரு கிழவர். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு அவர் வீட்டிலேயே கிடக்கும் பக்கத்து வீட்டுப் பையன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள், ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். இதுதான் கதை. அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். கடைசி ரீலில் கிழவரின் மகள் அவரைப் பட்டணத்துக்கு அழைத்துப் போகக் காரில் வந்து இறங்கினாள். அத்தையின் சிரிப்பு நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டார். கிழவர் பெட்டியோடு வாசலுக்கு வருகிறார், பையன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து மூடுபனி இறங்கியது.

எங்கள் ஊர்ப் பனிக்கு நேரம் காலம் கிடையாது. எந்திரத்திலிருந்து போன வெளிச்சம் பாதி வழியிலேயே பனியில் சிக்கிக்கொண்டது. திரை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. சத்தம் மட்டும் வந்தது. யாரோ ஏதோ சொன்னார்கள். கார்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. கார் கிளம்பியது, கழுதை கத்தியது, பாட்டுப் போட்டு முடித்துவிட்டார்கள். பனி விலகியபோது வேன்காரர் திரையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

கிழவர் போனாரா, இருந்துவிட்டாரா?

"இருந்துட்டாரு அத்தை. கதவை ஒரு வாட்டிதான் சாத்துனாங்க. மக மட்டும் ஏறிப் போயிட்டா."

"ரெண்டு வாட்டி லா! என் காது என்ன செவிடா? பெத்த மக வந்து நிக்கிறா, போகாம என்ன பண்ணுவாரு?"

வீடு வந்து சேரும்வரை சண்டை. மறுநாள் காலையில் பசியாறும்போது அத்தையே மறுபடி ஆரம்பித்தார். அந்த வாரம் பைப்படியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள்கூடக் கட்சி கட்டிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டில் லோரி ஓட்டும் மாமா, பழைய கார் என்றால் ஒரே கதவையே இரண்டு தடவை சாத்தினால்தான் மூடும் என்று தீர்ப்புச் சொன்னார். நான் துள்ளிக் குதித்தேன். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்று அவர் முகத்தைப் பார்த்தவர்கள், வழக்கில் ஜெயித்தது அவர்தான் என்று நினைத்திருப்பார்கள்.

நானும் விடவில்லை. அந்தக் கழுதை வேறு யார் கையிலும் தின்னாது என்றேன். பட்டணத்து வீட்டில் கிழவருக்கு வேலை என்ன, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா என்று கேட்டேன். அந்தப் பையன் என்ன ஆவான் என்றேன். அத்தை கொழுந்துக் கறை போகாத விரல்களைக் கோத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் முழுதாகக் கேட்பார். கடைசியில், "சின்னப் புள்ள, ஒனக்கென்ன தெரியும்" என்று எழுந்து போவார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பையனுக்கு வேற கூட்டாளியே இல்லையா?" என்று திரும்பி வருவார். அப்பா பேப்பரைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

சனிக்கிழமை சாயங்காலம் கணக்குப் பாடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மடித்த சேலைகளை மடியில் வைத்துக்கொண்டு அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அப்ப அவரு இருந்துட்டாருன்னுதான் சொல்றியா புள்ள?"

எனக்கு அலுத்துவிட்டது. பாவம், நாளைக்குப் போகப் போகிறவர், ஜெயித்துவிட்டுப் போகட்டுமே என்றும் இருந்தது.

"சரி அத்தை, நீங்க சொன்னதுதான் சரி. அவரு போயிட்டாரு."

அத்தை என்னைப் பார்த்து, "போயிட்டாரா" என்றார். பிறகு எழுந்து போய்ச் சேலைகளைப் பையில் அடுக்கினார். விட்டுக்கொடுக்கத் தெரிந்த பிள்ளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போனேன்.

ஞாயிறு காலை மகன் வந்தார். நல்ல மனிதர், எங்களுக்கு ஒரு டின் பிஸ்கட் வாங்கி வந்திருந்தார். அத்தை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, அழாமல் ஏறிப் போனார். நான்தான் அழுதேன். இனிப் படத்துக்குப் போக முடியாதே என்று அழுவதாக வீட்டில் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உள்ளுக்குள் அத்தை மேல் கோபமும் இருந்தது. ஒரு வாரம் முழுக்க அவ்வளவு வாயடித்த மனுஷி, 'நான் வரல' என்ற ஒரு வார்த்தையைச் சொல்லக்கூடாதா?

'இருங்க' என்ற ஒரு வார்த்தையை எங்கள் வீட்டில் யாருமே அவரிடம் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. அதைக் கேட்கத்தான் அவர் தினமும் என்னிடம் சண்டைக்கு வந்தார் என்பதும், அந்தக் கிழவர் பேரிலாவது அதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான் என்பதும், அந்தச் சனிக்கிழமை நானும் நிறுத்திவிட்டேன் என்பதும் தெரியாது.