ரோபோவின் வாய்

வெள்ளானூரில் எங்கள் தெருமுனைக் கடையில் நேற்று முப்பது முட்டை வாங்கினேன். கூடவே அந்தச் சாம்பல் நிற அட்டையையும் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து முட்டைகளை எடுத்து வைத்ததும், காலி அட்டையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். சிரிக்காதீர்கள். ஈரக் காகிதமும் தூசியும் கலந்த அந்த வாசம் எனக்கு என் நண்பன் அந்தோணியின் வாசம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் எங்கள் கார்ட்டூன் கம்பெனி இருந்தது. கம்பெனி என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. ஆறு கம்ப்யூட்டர், ஒரு கக்கூஸ். கீழே இரும்பு அறுக்கும் சத்தம் கேட்காமலிருக்க ஓர் அறை முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தோம். அங்கேதான் குரல் பதிவு. வெளிநாட்டுக்காரர்களுக்கே வரைந்து அலுத்துப்போய், சொந்தமாக ஒரு தொடர் தொடங்கினோம். பூமியைப் பிடிக்க வரும் ரோபோ அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி, டிக்கெட் வரிசையில் நின்று நின்றே சார்ஜ் தீர்ந்து விழுந்துவிடும். முதல் எபிசோட் அவ்வளவுதான். எங்களுக்கு அது உலக மகா காமெடி.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் ஆபீஸிலேயே யாராவது வசனத்தைப் பேசிக் கொடுப்பார்கள். ரஃப் வாய்ஸ் என்போம். அதைக் கேட்டுத்தான் பொம்மையின் வாயை வரைவது. பிறகு நிஜ நடிகர் வந்து அந்த வாய்க்குப் பேசிவிட்டுப் போவார். ரோபோவுக்கு ரஃப் வாய்ஸ் அந்தோணி. வாயை வரைந்தவன் நான். பதிவின்போது ஃபேன் போடக் கூடாது. "மச்சான், நான் ரோபோவா, அவிச்ச முட்டையாடா? ஃபேனைப் போட்டுத் தொலடா!" என்று உள்ளேயிருந்து கத்துவான்.

நடிகர் பேசி முடித்த அன்று டிஸ்க்கில் இடமில்லை. ரஃப் வாய்ஸையெல்லாம் நான்தான் அழித்தேன். ஒரு காப்பி எடுத்து வைக்கக்கூடத் தோன்றவில்லை. அந்தோணி பக்கத்தில் நின்று, "தூக்குடா மாமே, கர்ண கொடூரமா கீது" என்று சிரித்தான். ஒன்பதாம் நாள், வேலைக்கு வந்துகொண்டிருந்த அவன் பைக்கின் மேல் லாரி ஏறியது. அவனோடு அவன் செல்போனும் நொறுங்கிப்போயிற்று.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அவன் மனைவி ஸ்டெல்லா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணா, அவரு கொரலு எங்கியுமே இல்லண்ணா. பாப்பாவுக்கு ஒரு வயசுதான் ஆவுது. உங்க ஆபீஸ்ல கீதுல்ல?"

"தேடிப் பாக்குறேம்மா" என்றேன். கோழைப் பயல் நான். இல்லாத ஒன்றை மூன்று மாதம் தேடிக்கொண்டே இருந்தேன்.

எபிசோட் இணையத்தில் வந்த அன்று அவள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "அப்போ அந்த ரோபோ வாயி? அது அவரு பேசினதுக்குத்தான வரைஞ்சீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். போனில் எபிசோடைப் போட்டு, சத்தத்தைச் சுத்தமாக நிறுத்திவிட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வாயையே பார்த்தாள். "அப்பா பேசுறாரு பாரு" என்றாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

இரண்டாவது எபிசோட் வரவேயில்லை. கம்பெனி மூடி நாலைந்து வருஷமாகிறது; கம்ப்யூட்டரெல்லாம் அப்போதே காயலாங்கடைக்குப் போயிற்று. அந்த அறையில் இப்போது யாரோ சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். போன மாதம் ஸ்டெல்லா போன் செய்தாள்.

"அண்ணா, அந்த ரோபோ படம் வர மாட்டேங்குது. தூக்கிட்டாங்களாம். பாப்பா ஸ்கூல் வுட்டு வந்ததும் தெனம் சத்தத்த நிறுத்திட்டு பாக்கும்ண்ணா. உங்ககிட்ட கீதா?"

"இல்லம்மா" என்றேன். இந்த முறை, தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லவில்லை.