வரதராசா அண்ணன் செய்த ரோபோ

வரதராசா அண்ணனைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் கண்டியில் கண்டதில்லை. யாழ்ப்பாணத்து மனிதர், பேராதனையில் ஒரு தொழிற்கூடத்தில் மெக்கானிக். இரண்டாயிரத்து எட்டில் என் ரேடியோ உதிரிப்பாகக் கடைக்குத் தினமும் வருவார். மகளைப் பேசவைக்க ரோபோ செய்கிறாராம். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆனாலும் விஷயம் தெரிந்தவன் நான். ஆறு வயது மகளின் கண்முன்னே, சோதனைச்சாவடியில் ராணுவத்தினர் அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள். பிள்ளை அன்றைக்கு மூடிய வாயை எட்டு மாதமாகத் திறக்கவில்லை. டாக்டர், கோயில், நேர்த்திக்கடன் எல்லாம் பார்த்தாயிற்று. மனிதரோடு பேசாதவள் பொம்மையோடாவது பேசமாட்டாளா என்று அவருக்கு ஒரு நப்பாசை.

முதலில் செய்த ரோபோ நேரே வந்து முறைத்தது. பிள்ளை அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். யாரையும் பயப்படுத்தாத ஒன்றைச் செய்யவேண்டுமென்று மனிதர் சோறு தண்ணி மறந்தார். உயரத்தைக் குறைத்தார். மெதுவாக நடக்கவைத்தார். இப்போது அது நாலடி தள்ளி நிற்கும், தலையைக் குனியும், வெறுங்கை இரண்டையும் விரித்துத் தூக்கிக் காட்டும். கை விழாமல் நிற்க ஸ்பிரிங் கொடுத்தது நான்தான். தபால்காரர் அதோடு கைகுலுக்கிவிட்டுப் போனார். என் மனைவி றமீஸா, இவ்வளவு அடக்கம் நம் பிள்ளைகளுக்கு இல்லையே என்று என்னைக் குத்திக்காட்டினாள். இந்தப் பணிவையெல்லாம் எங்கே பிடித்தீர்கள் என்று அவரிடமே கேட்டேன்.

"தெரியேல்லை றவூப். இப்பிடி நிண்டால் ஒருத்தருக்கும் கோவம் வராது" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னையும் கூப்பிட்டிருந்தார். ரோபோ நடந்து வந்தது, நின்றது, குனிந்தது, கைகளைத் தூக்கியது. பிள்ளை அலுமாரிப் பக்கத்திலிருந்து வெளியே வந்தாள். அதைப் பார்த்தாள், பிறகு தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பா, இது ஆருக்குப் பயப்படுது?"

எட்டு மாதம் காத்திருந்த குரல். சந்தோஷப்படவா முடிந்தது? சாவடியில் நாங்கள் எல்லோரும் நின்ற நிலை அது. எத்தனை நாள் அந்த ரோபோவைப் பார்த்துச் சிரித்திருப்பேன், மடையன், எனக்கு உறைக்கவேயில்லை.

பிள்ளை அதன் அருகே போனாள்.

"இஞ்ச ஒருத்தரும் இல்லை. கையைக் கீழ விடு" என்று இரண்டு கைகளையும் பிடித்து அழுத்தினாள். விட்டதும் அவை மேலே வந்தன. திரும்ப அழுத்தினாள். திரும்பவும் வந்தன. வரதராசா அண்ணன் தரையில் உட்கார்ந்து அழுதார். கடையிலேயே உறுதியான ஸ்பிரிங்காகப் பார்த்து எடுத்துக் கொடுத்த பாவி நான்.