மாத்துசியின் புலாகாக் குழி

எங்கள் தீவில் மாத்துசி என்றால் குழி, குழி என்றால் மாத்துசி.

நல்ல தண்ணீர் ஊறும் ஆழம்வரை மணலைத் தோண்டி, அடியில்லாத தாழைக் கூடைகளை இறக்கி, இலைமட்கு நிரப்பிப் புலாகா வளர்ப்பதுதான் பசிபிக் கடலில் இருக்கும் துவாலுக்காரர்களாகிய எங்கள் வேளாண்மை. ஆள் உயரத்துக்கு இலை விடும் சேம்பு அது. எந்த மரத்து இலையை மட்க வைப்பது என்பது வீட்டு ரகசியம். அடுத்தவர் குழியை எட்டிப் பார்ப்பது திருட்டுக்குச் சமம். திருவிழாவில் ஊர் மன்றத்தில் கிழங்கு அடுக்கும்போது மாத்துசியின் கிழங்கை மட்டும் இரண்டு பேர் தூக்கி வருவார்கள். அவர் மனைவி செலைனா, "அந்தக் கிழங்கத் தடவுற மாதிரி என் தலைய ஒருநாள் தடவிக் குடுத்திருப்பாரா?" என்பார். மன்றமே சிரிக்கும்.

மூன்று வருடத்துக்கு முன் பெரிய அலை குழிகள்வரை ஏறி வந்து போனது. அதன் பிறகும் அவர் கிழங்கு வந்துகொண்டுதான் இருந்தது.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஃபிஜியின் சுவா நகரில் படிப்பை முடித்து, அரசாங்கத்தின் விளைநிலக் கணக்கெடுப்புக்காக அளவுநாடாவோடு ஊருக்கு வந்தேன். பத்து வருடத்தில் நிலம் எவ்வளவு குறைந்தது என்று காட்டினால், குறைந்த தீவுக்கு உப்பைத் தாங்கும் நாற்று வரும். மாத்துசி தன் குழிக்குப் போகும் பாதையை மறித்து நின்றார்.

"உங்கப்பன் குழிய நான் எட்டிப் பாத்திருக்கேனா தம்பி?"

"இல்ல பெரியப்பா."

"அப்புறம்? நாப்பது தப்படி நீளம், இருபது அகலம். எழுதிக்க."

"முழுக்க விளையுதா?"

"இந்தக் கேள்விக்குத்தான் பட்டம் குடுத்தாங்களா?"

எழுதிக்கொண்டேன். என் அப்பாவும் பழைய அளவையே சொன்னார். எங்கள் குழி செத்துப்போனது எனக்குத் தெரியும். "வெளிய தெரிஞ்சா சோம்பேறிக் குடும்பம்பாங்க," என்றார் அப்பா. அவர் சொன்ன அளவையும் எழுதினேன். எல்லாவற்றையும் கூட்டி, குறைவில்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. மன்றத்தில் நான்தான் வாசித்தேன். இந்தத் தீவில் விளைநிலம் குறையவில்லை, நாற்று அடுத்த தீவுக்குப் போகிறது, திருத்தம் இருந்தால் நாளை மாலைக் கப்பலில் அனுப்பலாம்.

மாத்துசி எழுந்தார்.

"என் குழி உப்பாயிடுச்சு. மூணு வருஷமா நான் கொண்டாந்தது செலைனாவோட அண்ணன் வேற தீவுலேர்ந்து கப்பல்ல அனுப்பினது. உங்க குழியெல்லாம் நல்லாருக்கு. எனக்குத்தான் கைப்பக்குவம் போயிடுச்சு."

"அண்ணன் கிழங்கு மாத்துசி!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். சிரிப்பு எழுந்தது. அப்பாவும் சிரித்தார். செலைனா தலை நிமிரவில்லை. நான் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் காலை, கப்பல் வருமுன் அளந்து திருத்தம் எழுத, அவரே என்னைக் குழிக்கு அழைத்துப் போனார். கூடைகள் இற்றுக் கிடந்தன. கறுத்த தண்ணீரில் விரலை நனைத்து வாயில் வைத்தேன். கரித்தது. நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்க குழியும் இப்படித்தான் பெரியப்பா," என்றேன்.

அவர் திரும்பினார். "எப்பலேர்ந்து?"

"அந்த அலையிலேர்ந்துதான்."

"நேத்து அத்தன பேர் சிரிச்சப்ப உனக்கு இது தெரியும்."

அவர் என்னைத் திட்டவில்லை. நாடாவைச் சுருட்டிக்கொண்டு எங்கள் குழியை நோக்கி நடந்தார்.

அங்கே அப்பா பாதையை மறித்து நின்றார். மாத்துசி நாடாவின் முனையை அவரிடம் நீட்டினார். அப்பா பாதையை விட்டு விலகி அதை வாங்கிக்கொண்டார். அளந்து முடிக்கும்வரை என் முகத்தை அவர் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.