தம்பியைத் தேடித் தோண்டிய நாள்

ஈர மணலுக்கு ஒரு வாசனை உண்டு. மழை விட்டதும் கொள்ளிடக் கரையில் நின்றவர்களுக்கு அது தெரியும். நான் இன்றும் மழை விட்டதும் ஜன்னலைச் சாத்திவிடுவேன். ஐம்பதுகளின் கடைசியில், எனக்குப் பத்து வயதானபோது, எட்டு மாதத் தம்பி பேதி கண்டு ஒரே பகலில் இறந்துபோனான். கூட்ஸ் ரயில் கார்டான அப்பா விழுப்புரம் பக்கம் டியூட்டியில் இருந்தார். கைக்குழந்தையை எரிப்பதில்லை, வைத்துக் காத்திருப்பதுமில்லை என்பதால், அவர் வருமுன்பே அம்மாவின் அண்ணன், என் மாமா, தம்பியைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்து மணலில் புதைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் வந்த அப்பாவிடம் அத்தை சொன்ன முதல் வார்த்தை, "அண்ணி உரைமருந்துன்னு எதையோ ஊத்திக் கொன்னுட்டா அண்ணே." அப்பா அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அத்தை போலீஸில் எழுதிக் கொடுத்தாள். விசாரிக்க வந்த ஏட்டையாவின் காலில் அம்மா தலைவிரிகோலமாக விழுந்தாள். "தோண்டிப் பாருங்கய்யா! என் புள்ள வயித்துல நான் உரைச்சு ஊத்தின வசம்பைத் தவிர எதுவும் இருக்காது." பெற்றவளே இப்படிக் கேட்டு எங்கள் தெரு அதுவரை கண்டதில்லை.

நாலாம் நாள் தாசில்தார் உத்தரவு வந்தது. அதிலிருந்த "எக்ஸ்யூமேஷன்" என்ற சொல்லை ஏட்டையா தெருவுக்கே கேட்கும்படி வாசித்தார். பல வருஷம் கழித்து அகராதியைப் புரட்டினேன்: லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'ஹ்யூமஸ்' என்றால் மண், மண்ணுக்குள் போனதை வெளியே எடுப்பது, அவ்வளவுதான். அம்மாவுக்கு அன்று அதன் அர்த்தம் விடுதலை.

பெண்கள் போகக் கூடாத இடத்துக்கு அவள் ஓடினாள், நானும் பின்னால் ஓடினேன். இடத்தைக் காட்ட முன்னால் போன மாமா மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெற்றவள் தேடி வந்துவிடக் கூடாது என்று குழந்தையைப் புதைத்த இடத்தை அடையாளமில்லாமல் மட்டப்படுத்துவது எங்கள் வழக்கம். தங்கைமேல் இருந்த பாசத்தில் அவர் தன் காலடித் தடத்தையும் துண்டால் வீசி அழித்திருந்தார். நடுவில் மழையும் பெய்துவிட்டது. "இங்கதாங்க... இல்லைங்க, அங்க" என்று அவர் காட்டிய இடமெல்லாம் வெட்டியான் பொழுது சாயும்வரை தோண்டினார். ஊற்றுநீர்தான் வந்தது. அம்மா கையாலேயே பறித்தாள். நகம் பெயர்ந்தும் நிறுத்தவில்லை.

"அண்ணனும் தங்கச்சியுமாச் சேர்ந்து மறைச்சுட்டாங்க" என்றாள் அத்தை. ஆதாரமில்லை என்று கேஸை மூடிவிட்டார்கள். அப்பா அம்மாவோடு கடைசிவரை குடித்தனம் நடத்தினார். ஆனால் அவள் கையால் ஒரு மாத்திரைகூட வாங்கிச் சாப்பிட்டதில்லை.

இப்போது அந்த இடத்தில் மணலே இல்லை. லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மாமா, அத்தை, அப்பா எல்லாரும் போய்ச் சேர்ந்தாயிற்று. கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது நம்பறியாடி?" என்று கேட்டாள். நம்புகிறேன் என்றேன். சொல்வதற்கு முன் ஒரு கணம் யோசித்துவிட்டேன். அதை அவள் பார்த்துவிட்டாள்.