வராத வாரத்துக்குப் பூஜ்யம்

எங்கள் மேனேஜருக்குக் காகிதத்தில் அசிங்கம் இருக்கக் கூடாது. அவரைப் பொறுத்தவரை ‘எர்ரர்’ என்ற சொல்தான் பெரிய அசிங்கம்.

மலேசியாவில், கிள்ளானில் நான் வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலைக்கு அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மாலை வகுப்பில் ஆறு மாதம் ஸ்பிரெட்ஷீட் படித்தவள் என்று என்னை அதன்முன் உட்கார வைத்தார்கள். பேக்கிங் பெண்கள் ஒவ்வொருவரும் வாரத்தில் எத்தனை பெட்டி கட்டினார்கள், எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்று நான் அடிக்க வேண்டும். ஃபார்முலா பெட்டியை மணியால் வகுக்கும். பிறகு கடைசி எட்டு வாரத்துக்கும் சேர்த்து ஒரு சராசரி. வேலைக்கே வராத வாரத்தில் மணிக்கணக்கு பூஜ்யம். பூஜ்யத்தால் எப்படி வகுப்பது? அந்தக் கட்டத்தில் ‘எர்ரர்’ வந்து நிற்கும், சராசரியையும் சேர்த்துக் கெடுக்கும்.

“மேல போற பேப்பர்மா இது. எர்ரர் வந்தா ஜீரோ காட்டச் சொல்லு, முடிஞ்சது லா” என்றார் மேனேஜர். நானும் பெரிய கெட்டிக்காரி போல ஒரே வரியில் அதைச் செய்து கொடுத்தேன். தாள் பளிச்சென்று வந்தது. அவர் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை, அதை மறைப்பானேன்.

அடுத்த மாதம் ஆட்குறைப்பு வந்தது. சராசரி குறைந்த பதினொரு பேரை மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்புவதாக முடிவு. அந்தப் பட்டியலை அச்சடித்ததும் நான்தான். பத்துப் பேர் தமிழ்ப் பெண்கள். மேனேஜரும் தமிழர்தான். “பாத்தியா, நம்ம ஆளுங்க எப்பவும் இப்படித்தான்” என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உள்ளுக்குள் பாதி நம்பினேன். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா என்று நினைத்தேன். அதை நினைத்தால் இன்றும் என்மேல்தான் எரிச்சல் வருகிறது.

பதினோராவது ஆள் ஒரு மலாய் அக்கா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கூடத்தில் அவர் கைவேகத்துக்கு ஈடுகொடுக்க ஆள் கிடையாது. அவருடைய வரிசையைத் திறந்தேன். ஆறு வாரம் உயர்ந்த எண்கள், இரண்டு வாரம் பூஜ்யம். அம்மா இறந்து அவர் தன் சொந்த மாநிலமான கிளந்தானுக்குப் போயிருந்த வாரங்கள் அவை.

பிறகு மற்ற பத்து வரிசைகளையும் பார்த்தேன். பத்திலும் ஒரே வாரத்தில் பூஜ்யம். தைப்பூச வாரம். நேர்த்திக்கடனுக்காகப் பத்துமலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கவும் தண்ணீர்ப் பந்தலில் நிற்கவும் சம்பளமில்லாத லீவு வாங்கியிருந்தார்கள். லீவு பாரத்தில் கையெழுத்துப் போட்டவரே இந்த மேனேஜர்தான். அந்த வாரம் நானும்தான் லீவு. குமாஸ்தாக்களுக்கு அந்தத் தாளில் வரிசை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் கெட்டிக்கார வரியை அழித்தேன். எர்ரர் வந்தால் வரட்டும் என்று விட்டேன். சராசரிக்கு, எட்டு வாரப் பெட்டிகளையும் கூட்டி, உழைத்த மொத்த மணியால் வகுத்தேன். பென்சில் எடுத்து ஒவ்வொருவர் கணக்கையும் கையாலும் போட்டுப் பார்த்தேன். பதினொரு பேரில் ஒருத்திகூடப் பட்டியலில் நிற்கவில்லை.

மேனேஜர் புதிய தாளைத் தொடவே இல்லை. பட்டியல் மேலே போய்விட்டது, இப்போது மாற்றினால் தன்னை முட்டாள் என்பார்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஃபார்முலா நீ போட்டது. போனா உன் வேலைதான் போகும்” என்றார்.

“போகட்டும் சார். நான் போட்டதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு நானே மேல கொண்டு போறேன்.”

கொண்டுபோனேன். இரண்டு தாளோடும் டைரக்டர் அறைக்குப் படியேறினேன். டைரக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார், ஆட்குறைப்பையே நிறுத்திவைக்கச் சொல்லிப் பட்டியலின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

மறுநாள் மதியம் கேன்டீனில் மேனேஜர் அந்தப் பதினொரு பேரையும் எழுந்து நிற்கச் சொன்னார். பட்டியல் செய்தி முன்பே கசிந்திருந்ததால் அவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. உங்களுக்காக மேலிடத்தில் பேசினேன், இந்த ஒரு தடவை மன்னித்திருக்கிறோம், இனிமேலாவது சுறுசுறுப்பாக வேலை செய்யுங்கள் என்றார். ஓர் அக்கா அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. தட்டை வைத்துவிட்டு எழுந்தேன்.

“அக்கா, கும்பிடாதீங்க. நீங்க யாரும் மெதுவா வேலை செய்யல. லீவு போட்ட வாரத்துக்கு நான்தான் ஜீரோ போட்டேன். தப்பு என் கணக்குல. உங்கள இங்க யாரும் மன்னிக்க வேண்டியதே இல்ல.”

அதையே மலாயிலும் சொன்னேன். மேனேஜர் வெளியே போய்விட்டார். சில பெண்கள் என்னை முறைத்தார்கள். முறைக்கட்டும், அது எனக்குச் சேர வேண்டியதுதான். மலாய் அக்கா மட்டும் தன் சரியான எண் என்ன என்று கேட்டார். கூடத்திலேயே முதலிடம் என்றேன்.

“எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து சோற்றைப் பிசையத் தொடங்கினார்.