வாளி இருந்த இடம்

புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்குக் கண்டியில் மாத்தளை பஸ் ஏறினேன். தூரம் இருபத்தாறு கிலோமீட்டர், கட்டணம் நூற்றுப் பத்து ரூபாய். மாத்தளையில் எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை, போய்ச் செய்ய வேலையும் இல்லை. புத்தளத்தில் உப்பு மூட்டை சுமப்பது என் தொழில். மழை பிடித்து உப்பளம் நின்றுவிட்டால் எங்காவது கிளம்பிவிடுவேன்.

மூன்று பேர் உட்காரும் இருக்கையில் இரண்டு பேர் ஜன்னலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் றோட்டப் பாக்கணும், பெருமாளு," என்றார் மெலிந்தவர். இஸ்திரி போட்ட சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் இரண்டு போன்.

"றோட்டுல என்னா இருக்கு பாய்? ஏறுன ஒடனே தூங்கத்தானே போறீங்க?" என்றார் மற்றவர். அவர் மடியில் ஒரு பை நிறைய பேக்கரி பணிஸ். உடம்பு இரண்டு பேர் அளவு.

நடுவில் நான் உட்கார்ந்தேன். அக்குறணை தாண்டுவதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. மெலிந்தவர் பாரூக், பரம்பரையாக மாத்தளை டவுன்காரர். பருத்தவர் பெருமாள், இரத்தோட்டைப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். இருவரும் ஒரு தையல் கடைக்கு மேலே தனியார் விசாரணை அலுவலகம் நடத்துகிறார்கள். மாப்பிள்ளை குடிகாரனா என்று பார்ப்பது, காணாமல்போன ஆட்டைத் தேடுவது, இப்படி. பாரூக் யாரையும் நம்ப மாட்டார். பெருமாள் எல்லோரையும் நம்புவார். பத்து வருஷமாக இதே சண்டை.

"நீங்க சும்மாதானே வாறீங்க? ஒரு கராம்புத் தோட்டத்துக்கு விசாரணைக்குப் போறோம், எங்களோட வாங்க. கராம்பு வாங்க வந்த வியாபாரி மாதிரி நடிங்க," என்றார் பாரூக். சாப்பாடு உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். போனேன்.

மாத்தளையில் பால் இல்லாத பிளேன்டி குடித்துவிட்டு, பதினொன்றேகாலுக்கு இரத்தோட்டை பஸ். அறுபது ரூபாய். பாதை ஏற ஏற மிளகுக் கொடி சுற்றிய மரங்கள், அதற்கு மேல் தேயிலை. இரத்தோட்டையிலிருந்து திரீவீலில் நானூறு ரூபாய் கொடுத்து இன்னும் மேலே போனோம்.

பன்னிரண்டரைக்குக் கராம்புத் தோட்டத்து ஸ்டோர் வாசலில் இறங்கினோம். வரவழைத்த முதலாளி நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். ஆறு மாதத்துக்கு முன்பு அறுவடை முடிந்ததும் தன் கையால் நிறுத்து வைத்தது இருநூற்று நாற்பது கிலோ. போன வாரம் நிறுத்துப் பார்த்தால் இருநூற்று முப்பத்தொன்று. ஸ்டோருக்கு ஒரே சாவி, போன வாரம் வரை அது ஸ்டோர் பார்க்கும் செல்வமணியிடம் இருந்தது.

"என் மச்சான் மூணு வருஷம் ஸ்டோர் பாத்தான். ஒரு கிராம் கொறஞ்சதில்ல. இந்தப் பொம்பள வந்து நாலு மாசம், ஒம்போது கிலோ இல்ல. நாளைக்குப் பத்து மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் பொலிஸ்."

செல்வமணிக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் கொழும்பில் வேலை. ஸ்டோருக்குப் பின்னால் உள்ள ஒற்றையறைக் காம்பராவில் மகளோடு இருக்கிறார். வேலை போனால் காம்பராவும் போகும். சட்டி பானைகளை ஏற்கெனவே ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தார்.

நான் வியாபாரி என்று சொல்லிக் கராம்பை அள்ளிப் பார்த்தேன். செல்வமணி என் கையைத்தான் பார்த்தார்.

"வியாபாரி கை இப்புடி வெடிச்சு இருக்காதுங்களே. நீங்க மூட்டை தூக்குறவருதானே?"

"நாலு மாசத்துக்கு முன்ன இவங்கள நாம வேலைக்கு எடுத்திருக்கணும்," என்று பெருமாள் சிரித்தார். பாரூக் சிரிக்கவில்லை.

பாரூக்கின் விசாரணை நாலு மணி வரை நடந்தது. கூரைத் தகட்டைத் தட்டினார். பூட்டைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். வாசலில் கோதுமை மாவு தூவி, கால் தடம் பிடிக்கப்போகிறேன் என்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு தடம் விழுந்திருந்தது. அளந்து பார்த்தால் அவருடைய செருப்பு.

பெருமாள் ஸ்டோருக்குள் ஒரு மூலையில் நின்றுவிட்டார். சீமெந்துத் தரையில் வட்டமாக ஒரு கறை.

"இங்க என்னா இருந்துச்சு தங்கச்சி?"

"தண்ணி வாளிங்க. முன்ன இருந்தே இருந்துச்சு. தீப்பிடிச்சா ஊத்தன்னு நெனச்சேன். டெங்கு பாக்க வந்த ஐயா நொளம்பு முட்டை போடும், ஊத்துங்கன்னாரு. ஊத்திட்டு வாளிய வெளிய எடுத்து வச்சிட்டேன்."

பெருமாள் குனிந்து கறையை விரலால் தடவிப் பார்த்தார். பையில் மூன்று பணிஸ் மிச்சம் இருந்தன, அதற்குப் பிறகு அவற்றைத் தொடவில்லை.

ஐந்து மணிக்கு மழை. தாழ்வாரத்தில் பெருமாளும் நானும் மட்டும் இருந்தோம். தனக்கு விஷயம் தெரியும் என்றார். அப்போ சொல்லுங்கள் என்றேன்.

"சொன்னா, ஒனக்கு எப்புடித் தெரியும்னு பாய் கேப்பாரு. அதுக்கு என்னா சொல்றது?"

உள்ளே செல்வமணி மகளின் புத்தகங்களைச் சாக்கில் போடும் சத்தம் கேட்டது.  பெருமாள் எழுந்து போய்த் தராசு கேட்டார். ஒரு கிலோ கராம்பை நிறுத்து, மூடி இறுக்கமான தகரப் பேணியில் போட்டார். இன்னொரு கிலோவைத் தட்டில் பரப்பி, ஒரு பெட்டிக்குள் தண்ணீர்ச் சட்டிக்கு மேலே இடைவெளி விட்டுப் பலகை போட்டு வைத்து மூடிப் பூட்டினார். பெட்டிச் சாவியை முதலாளியிடமே கொடுத்தார்.

வியாழன் காலை எட்டரை. முதலாளியே திறந்து முதலாளியே நிறுத்தார். பேணியில் இருந்தது சரியாக ஒரு கிலோ. தட்டில் இருந்தது ஒரு கிலோ நாற்பத்திரண்டு கிராம். நம்பாமல் மறுபடி நிறுத்தார். அதே நாற்பத்திரண்டு.

"கராம்பு தண்ணி குடிக்கும்ங்க," என்றார் பெருமாள். "பக்கத்துல வாளி இருந்தாப் போதும், காத்துல இருந்தே குடிச்சிக்கும். வாளிய எடுத்துட்டா காஞ்சி கொறையும். இந்தத் தங்கச்சி ஒண்ணும் எடுக்கல. வாளியத்தான் எடுத்துச்சு."

"அப்போ மூணு வருஷம் கொறையாம இருந்துச்சே?"

"அதுதாங்க கள்ளம். தண்ணியில எவ்வளவு கூடுதோ அவ்வளவு கராம்ப வெளிய எடுத்துக்கிட்டா, நெறை சரியா நிக்கும்."

மூன்று வருஷம் சாவி மச்சானிடம் இருந்தது என்பதை யாரும் திரும்பச் சொல்லவில்லை.  முதலாளி மடியிலிருந்து ஸ்டோர் சாவியை எடுத்துச் செல்வமணியிடம் நீட்டினார். மன்னிப்புக் கேட்கவில்லை. செல்வமணி சாவியை வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். "இனி நிறுக்கிறப்ப நானும் பக்கத்துல நிப்பேன்," என்றார். முதலாளி தலையாட்டினார்.

பாரூக் கண்ணாடியைக் கழற்றினார். "இது ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்ன நான் ஒரு ஸ்டோர்ல கணக்கெழுதுற கிளாக்கா இருந்தேன், பாய். பெரிய கிளாக்கு சொன்னாருன்னு நாலு வருஷம் வாளி வச்சேன்."

"யா அல்லாஹ்! பத்து வருஷமா கள்ளனப் பக்கத்துல வச்சிக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கேனே!"

பத்தே முக்கால் பஸ்ஸில் பாரூக் முன் இருக்கையில் தனியாக உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம்தான். மாத்தளை வரும் வரை திரும்பவில்லை, தூங்கவும் இல்லை. டவுனில் இறங்கியதும் பெருமாளின் பையைக் கேட்டு வாங்கி, ஒரு பணிஸை எடுத்துக் கடித்தார்.

"நேத்து வாங்கினதா?"

"ஆமா."

"கல்லு மாதிரி ஈக்கு," என்று இன்னொன்றையும் எடுத்தார். இருவரும் தையல் கடைப் பக்கம் நடந்தார்கள்.

தோட்டத்திலிருந்து கிளம்பும்போது செல்வமணி தன் சொந்த ஊர் வீட்டு மரத்துக் கராம்பை எனக்கு ஒரு கடதாசிப் பையில் நூறு கிராம் நிறுத்துக் கொடுத்திருந்தார். "ஊருக்குப் போயி நிறுத்துப் பாருங்க. கொறஞ்சிருந்தா என்னையத் திட்டாதீங்க," என்றார்.

வெள்ளி மாலை புத்தளம் வந்தேன். மழை விட்டிருந்தது, களப்புக் காற்று ஈரமாக அடித்தது. மழைக் காலத்தில் எங்கள் உப்பு மூட்டையும் கனக்கும். இருபது வருஷம் தூக்கியும், அந்தக் கூடுதல் கனம் எங்கே போகிறது என்று நான் யோசித்ததில்லை. இரண்டு நாள் கழித்துச் சந்திக் கடைத் தராசில், நூறு கிராம் என்று சொல்லிக் கராம்பை வைத்தேன். நூற்று மூன்று கிராம்.

"யாரு நிறுத்துக் குடுத்தது? பிழையா நிறுத்திருக்காங்க," என்றார் கடைக்காரர்.

"இல்ல, சரியாத்தான் நிறுத்தாங்க," என்றேன்.